முளை ஆட்டம்: வேலிக்குள் மிஞ்சும் உயிர்கள்

ஒரு தாள், ஒரு பேனா, இரண்டு பேர். ஸ்ப்ரௌட்ஸ், அதாவது 'முளைகள்', விளையாட வேறெதுவும் வேண்டாம். 1967 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் ஜான் கான்வே, மைக்கேல் பேட்டர்சன் என்ற இரு கணிதவியலாளர்கள் உருவாக்கியது. அதே ஆண்டு ஜூலையில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் இதைப் பற்றி எழுதினார். பிறகு பல நாடுகளுக்கும் பரவிவிட்டது.

தாளில் இரண்டோ மூன்றோ புள்ளி வையுங்கள். கோலப் புள்ளி மாதிரி வரிசை பார்க்க வேண்டாம், இடைவெளி தாராளமாக இருந்தால் போதும். முறை வந்தவர் இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணைக்கலாம், அல்லது ஒரு புள்ளியில் கிளம்பி அதே புள்ளிக்குத் திரும்பும் கண்ணி போடலாம். போட்ட கோட்டின் மேல் புதிதாக ஒரு புள்ளி முளைக்க வேண்டும். கோடு எப்படியும் வளையலாம். ஆனால் எந்தக் கோட்டையும் வெட்டக் கூடாது, வழியில் வேறு புள்ளியைத் தொடக் கூடாது. ஒரு புள்ளியில் மூன்று முனைகளுக்கு மேல் சேரவும் கூடாது. கோடு போட வழியில்லாதவர் தோற்றார்.

புதியவர்கள் தடுமாறுவது எண்ணிக்கையில்தான். புதுப் புள்ளி கோட்டின் நடுவில் பிறப்பதால், பிறக்கும்போதே இரண்டு முனைகள் அதில் இருக்கின்றன. ஒரு புள்ளியில் இன்னும் எத்தனை முனை சேரலாமோ அத்தனை உயிர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மிச்சம் ஓர் உயிர்தான். கண்ணியும் அப்படியே: ஒரே கோடானாலும் தொடங்கிய புள்ளியின் இரண்டு உயிரைத் தின்றுவிடும். மூன்று முனை சேர்ந்து செத்த புள்ளியைச் சுழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி ஆட்டத்தில் சண்டை வரும்.

புள்ளிகள் பெருகிக்கொண்டே போகின்றனவே, ஆட்டம் முடியுமா? முடியும். ஒவ்வொரு முறையும் இரண்டு உயிர் போகிறது, ஒன்று வருகிறது. நிகரமாக ஒன்று குறைகிறது. 3 புள்ளியில் தொடங்கினால் கையிருப்பு 9 உயிர். கடைசியாக முளைத்த புள்ளியிடம் எப்படியும் ஓர் உயிர் மிஞ்சும் என்பதால் 8 முறைக்கு மேல் போகாது. பொதுவாக, புள்ளிகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் உச்சவரம்பு. குறைந்தபட்சம் அந்த எண்ணிக்கையின் இரு மடங்கு. ஆக, மூன்று புள்ளி ஆட்டம் 6, 7, 8 ஆகிய மூன்றில் ஒன்றில் நிற்கும்.

எதில் நிற்கும் என்பதுதான் போட்டி. ஆட்டம் நின்றபோது எத்தனை உயிர் மிச்சமோ, அதைத் தொடக்க உயிர்களிலிருந்து கழித்தால் ஆடிய முறைகளின் எண்ணிக்கை. அது ஒற்றைப்படையானால் முதல் ஆட்டக்காரர் ஜெயித்தார், இரட்டைப்படையானால் இரண்டாமவர். மூடிய கோடு ஒவ்வொன்றும் ஒரு வேலி. வேலிக்குள் ஒற்றை உயிரோடு தனியாக மாட்டிய புள்ளிக்குச் சேர ஆளில்லை. அந்த உயிர் வீண். எத்தனை உயிரை இப்படி வீணாக்குவது என்று கணக்குப் போடுபவருக்கே ஆட்டம்.

இரண்டு புள்ளி ஆட்டத்தில் இதை முழுசாகப் பார்க்கலாம். இருப்பு 6 உயிர். 4 முறையில் முடிந்தால் இரண்டாமவர் ஜெயிப்பார், 5 ஆனால் முதலாமவர். இரண்டாமவருக்கு வேண்டியது இரண்டு தனித்தனி அனாதைப் புள்ளிகள். முதலாமவர் அ, ஆ இரண்டையும் இணைக்கிறார், நடுவில் இ முளைக்கிறது. இரண்டாமவர் அ, ஆ இரண்டையும் மறுபடி இணைத்து வளையமாக்கி ஈ வைக்க வேண்டும். இப்போது வளையத்தில் நான்கு புள்ளிகள், ஆளுக்கோர் உயிர். முதலாமவர் அவற்றில் எந்த இரண்டை உள்ளே இணைத்தாலும், இரண்டாமவர் மீதி இரண்டை வெளியே இணைக்கிறார். அவர் வெளியே போனால் இவர் உள்ளே. உள்ளே ஒரு முளை, வெளியே ஒரு முளை, நடுவில் செத்த வேலி. 4 முறையில் கதை முடிந்தது. இதில் அதே பக்கத்தில் பதில் கோடு போடுவதுதான் வழக்கமான தவறு.

முதலாமவர் அ-வில் கண்ணி போட்டுத் தொடங்கினால், கண்ணியில் இருக்கும் இரண்டு புள்ளிகளையும் ஆ இல்லாத பக்கமாக இணையுங்கள். அங்கே ஓர் உயிர் சிறைப்படும். மறுபக்கம் ஆ மட்டும் நிற்கும். அதில் ஒரு கண்ணி, பிறகு அந்தக் கண்ணியின் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு. மறுபடியும் 4.

ஆக இரண்டு புள்ளியில் இரண்டாமவர் பிசகாமல் ஆடினால் தோற்க மாட்டார். 3, 4, 5 புள்ளிகளில் முதலாமவருக்கு வெற்றி உறுதி. 6, 7, 8-ல் இரண்டாமவருக்கு. ஆறு புள்ளியைக் கையால் அலசியதே 47 பக்கம் நீண்டது. 1990-ல் ஆப்பிள்கேட், ஜேக்கப்சன், ஸ்லீட்டர் மூவரும் கணினி வைத்து 11 வரை போனார்கள். அவர்கள் கண்ட ஒழுங்கு இது: எண்ணிக்கையை 6-ஆல் வகுத்து மீதி 3, 4, 5 என்றால் முதலாமவர், இல்லையென்றால் இரண்டாமவர். 2007-ல் லெமுவான், வியன்னோ இருவரும் 32 வரை சரிபார்த்தார்கள், பிறகு 44 வரையும். எங்கும் பிசகவில்லை. ஆனால் எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்ற நிரூபணம் கிடைக்கவில்லை.

இதற்கு 'பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ்' என்று ஒரு தம்பி உண்டு. புள்ளிக்குப் பதில் கூட்டல் குறி, நான்கு கைகள். இரண்டு கைகளை இணைத்து, அந்தக் கோட்டின் குறுக்கே ஒரு சிறு வெட்டு போட்டால் புதிதாக இரண்டு கைகள் கிடைக்கும். இரண்டு போய் இரண்டு வருவதால் கைகளின் எண்ணிக்கை மாறுவதே இல்லை. ஆட்டம் முடியும்போது ஒவ்வொரு வேலிக்குள்ளும் சரியாக ஒரு கைதான் இருக்கும். கைகள் எத்தனையோ வேலிப் பகுதிகளும் அத்தனை, வெளிப்புறத்தையும் சேர்த்து. அதோடு, புள்ளிகள், கோடுகள், பகுதிகள் ஆகியவற்றின் எண்ணிக்கைகளை இணைக்கும் ஆய்லரின் சூத்திரத்தைப் பொருத்தினால் முறைகளின் எண்ணிக்கை தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்: குறிகளின் எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கி இரண்டைக் கழியுங்கள். இரண்டு குறிக்கு 8, மூன்றுக்கு 13. எப்படி ஆடினாலும் மாறாது. ஒற்றைப்படைக் குறிகள் என்றால் முதலாமவர், இரட்டை என்றால் இரண்டாமவர், யோசிப்பதெல்லாம் வீண். விஷயம் தெரியாத நண்பரிடம் ஆடினால், எத்தனை குறி வைப்பது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். யார் முதலில் ஆடுவது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.