“ஆளு நல்லவருதானுங்க மேடம்”

பழைய வண்டி வாங்கி மாட்டிக்கொண்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் சொல்வது இதைத்தான். பணம் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருக்கும். ஆர்.சி. வந்திருக்காது. விற்றவருக்கு போன் போட்டால் முழு ரிங் போய் கட்டாகும். இருந்தாலும், “ஆளு நல்லவருதானுங்க மேடம், கொஞ்சம் இழுத்தடிக்கிறாரு, அவ்வளவுதான்.”

கொங்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க் கோர்ட்டில் பதினெட்டு வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். அந்தப் பேச்சு பெரும்பாலும் உண்மை என்பதுதான் சிக்கலே. பணத்தை வாங்கிக்கொண்டு சிம்மைக் கழற்றி எறிகிறவனைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. அன்றைக்கே போலீசுக்குப் போவார்கள். “நாளைக்குத் தந்தர்றேனுங்க” என்று மரியாதையாகச் சொல்கிறவரிடம்தான் மாதக்கணக்கில் ஏமாந்துகொண்டிருப்பார்கள்.

போன வருஷம் ஒரு அக்கா வந்தார். இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆன்லைனில் விளம்பரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். 2019 மாடல், ஒரே ஓனர், விலை 45,000. விற்றவர் மில்லில் வேலை பார்க்கிற குடும்பஸ்தர். டோக்கன் அட்வான்ஸ் 5,000 ஜிபேயில் போனது. வண்டி எடுத்த அன்று 35,000 ரொக்கம். மீதி 5,000, ஆர்.சி. கைக்கு வரும்போது. “லோன் முடிஞ்சிருச்சுங்க்கா, என்.ஓ.சி. பத்து நாள்ல வந்துரும்” என்று சொல்லி ஆர்.சி. ஜெராக்ஸைக் கொடுத்திருக்கிறார். (என்.ஓ.சி. என்பது கடன் பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ் தருகிற சான்று.) ஸ்டாம்ப் பேப்பரில் நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். அதில் லோனைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாங்கிய ரொக்கத்தைப் பற்றியும் இல்லை.

அவருடைய வாட்ஸப்பை வாங்கி மேலிருந்து படித்தேன். பென்சிலால் கோடு போட்டு எண்ணியதில் “நாளைக்கு” இருபத்து மூன்று முறை வந்திருந்தது. ஒரு நாள் சர்வர் டவுன். ஒரு நாள் மேனேஜர் லீவு. ஒரு நாள் மாமனார் ஆஸ்பத்திரியில். இடையில் தீபாவளி வாழ்த்து, பூப் படத்தோடு. நாலாவது மாதம் ஒரு காலையில், கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஃபைனான்சிலிருந்து இரண்டு பேர் வண்டியைத் தூக்க வந்து நின்றார்கள். லோன் முடியவே இல்லை. மூன்று தவணை, அதோடு பவுன்ஸ் சார்ஜ், மொத்தம் 9,860 ரூபாய் பாக்கி.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அக்காவின் கையில் நிற்பது 5,000. அதை வாங்க அந்த மனிதர் முதலில் தன் பையிலிருந்து 9,860 எடுத்து ஃபைனான்சில் கட்டவேண்டும். யார் கட்டுவார்கள்? அவர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. வந்த பணத்தில் லோனை அடைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாராம். மகளின் காலேஜ் ஃபீஸ் முந்திக்கொண்டது. அதற்குப் பிறகு ஆர்.சி. வாங்கித் தருவது அவருக்கு நஷ்டக் கணக்காகிவிட்டது. நஷ்டக் கணக்கில் இருக்கிற மனிதர் என்ன சொல்வார்? நாளைக்கு என்பார்.

அதனால் வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது, பிடித்து வைக்கும் தொகை அவர் முடிக்கவேண்டிய வேலையை விடப் பெரியதாக இருக்கட்டும். அதைவிட நல்லது, லோன் பாக்கியை நீங்களே நேராக ஃபைனான்ஸ் கணக்கில் கட்டி ரசீது வாங்கிவிட்டு, மீதியை மட்டும் விற்பவரிடம் கொடுப்பது. லோன் நம்பரும் ஸ்டேட்மெண்டும் கேளுங்கள். “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்பார். “உங்க மேல இருக்குங்க, ஃபைனான்ஸ்காரன் மேலதான் இல்லை” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். என் கட்சிக்காரர் ஒருவர் அப்படிச் சொல்லித் தப்பித்தார்.

லோன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது இப்போது கஷ்டமில்லை. எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் தேதி, எஃப்.சி. தேதி, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். ஓனர் பெயர் பாதி மறைந்துதான் வரும். ஆனாலும் எதிரே நிற்பவரின் ஆதாரோடு ஒப்பிட அது போதும். ஆர்.சி.யில் ஹெச்.பி. பதிவு, அதாவது கடனில் உள்ள வண்டி என்ற குறிப்பு, இருக்கும்வரை, கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. மோட்டார் வாகனச் சட்டம் 51-ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. லோன் முடிந்ததற்கு அடையாளம் என்.ஓ.சி.யும் ஃபைனான்ஸ் கையெழுத்து போட்ட 35-ஆம் படிவமும். “முடிஞ்சிருச்சு” என்ற வாய்வார்த்தை அடையாளமில்லை. பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். வண்டியை எடுக்கிற அன்றே விற்றவரின் கையெழுத்தை அவற்றில் வாங்கிவிடுங்கள். சேஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒரு முறை நேரில் ஒத்துப்பாருங்கள். பார்க்கச் சலிப்பான வேலைதான். நானே என் முதல் ஸ்கூட்டரை வாங்கியபோது பார்க்கவில்லை.

அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் விற்பது இன்னொரு தலைவலி. அப்பா இறந்திருந்தால் முதலில் 31-ஆம் படிவம் கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றவேண்டும். அக்கா தங்கை சம்மதம் வேண்டும். “வீட்ல எல்லாருக்கும் ஓகேங்க” என்று ஒருவர் விற்ற ஒரு புல்லட், அவருடைய அக்காவின் ஆட்சேபணையால் ஒன்றரை வருஷம் ஷெட்டில் நின்றது எனக்குத் தெரியும்.

சரி, ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது?

அக்காவிடம் முதலில் செய்யச் சொன்னது ஒரு மெசேஜ் மட்டும். அதுவரை அவர் அனுப்பியதெல்லாம் “தம்பி என்னாச்சு”, “தம்பி போன எடுங்க” என்கிற மாதிரிதான். அவற்றை வைத்து எந்த நீதிபதியிடமும் எதையும் காட்டமுடியாது. நாங்கள் அனுப்பியது இது:

“தம்பி, ஸ்கூட்டருக்கு அட்வான்ஸ் 5,000, வண்டி எடுத்த அன்று ரொக்கம் 35,000, ஆக 40,000 கொடுத்துவிட்டேன். லோன் முடிந்துவிட்டது என்று அன்று சொன்னீர்கள். 9,860 பாக்கி என்று ஃபைனான்சில் இப்போது சொல்கிறார்கள். வருகிற வெள்ளி மாலை 5 மணிக்குள் அதைக் கட்டி என்.ஓ.சி. வாங்கித் தாருங்கள். முடியாவிட்டால் 40,000-ஐத் திருப்பிக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எது என்று பதில் போடுங்கள்.”

திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. தொகை, தேதி, அவர் சொன்ன பொய், இரண்டு வழிகள். அவர் பதிலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். “நாப்பது வந்துருச்சுங்க்கா, நான் இல்லைங்கல. லோன்தான் கொஞ்சம் மூணு மாசம் நின்னுருச்சு.” ரசீதே இல்லாத 35,000-க்கு அந்தப் பதினோரு விநாடிதான் சாட்சி. இது மாதிரி மின்னணுப் பதிவுகளைக் கோர்ட்டில் கொடுக்க, பாரதிய சாக்ஷ்ய அதினியம், அதாவது புதிய சாட்சியச் சட்டம், 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்கவேண்டும். அந்த போனை மாற்றாதீர்கள், வாட்ஸப் சாட்டை அழிக்காதீர்கள் என்று அக்காவிடம் மூன்று முறை சொன்னேன்.

செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. அக்காவின் தம்பி, “நாலு பேரைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறேன் மேடம்” என்று எழுந்துவிட்டார். உட்காரவைத்தேன். நாலு பேர் போன இன்னொரு வழக்கில், பணம் கொடுத்து ஏமாந்தவர் அத்துமீறலுக்கும் மிரட்டலுக்கும் குற்றவாளியாக நின்றார். விற்றவர் புகார்தாரர். பேஸ்புக்கில் போட்டோ போட்டு “திருடன்” என்று எழுதுவதும் இதே ரகம்.

போலீசுக்குப் போகலாமா? போகலாம். மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பெரும்பாலும் “இது சிவில் மேட்டரும்மா” என்பார்கள். அதில் பாதி நியாயமும் உண்டு. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது. விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்கவேண்டும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவு, அதாவது பழைய 420, அப்படித்தான் வேலை செய்கிறது. லோன் இருக்கும்போதே “முடிஞ்சிருச்சு” என்று சொல்லிப் பணம் வாங்கியது அந்த எண்ணத்தைக் காட்டும். ஆர்.சி. தரத் தாமதித்தது காட்டாது. மனுவில் எதை முதல் வரியாக எழுதுகிறீர்கள் என்பதில் இருக்கிறது விஷயம். ஆளையே பார்க்காமல், “நான் மிலிட்டரியில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர்” என்ற கதைக்கு ஆன்லைனில் பணம் அனுப்பியவர்கள் இந்த யோசனையெல்லாம் செய்யவேண்டாம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

“கன்ஸ்யூமர் கோர்ட்டுல போட்டுடலாமா?” என்று எல்லோரும் கேட்பார்கள். தன் சொந்த வண்டியை ஒரு முறை விற்கிற தனிமனிதர் வியாபாரி இல்லை. அங்கே அவர் மேல் வழக்கு நிற்காது. கார் கன்சல்டிங் வைத்துத் தொழிலாக விற்கிறவர் என்றால் நிற்கும். தனிமனிதர் மேல் பணம் கேட்டு சிவில் கோர்ட்டில் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். ஆனால் 40,000 ரூபாய்க்கு வழக்கு என்றால் கோர்ட் ஃபீஸ், என் ஃபீஸ், வாய்தாவுக்கு வாய்தா மாவுக் கடையை மூடுவது என்று பார்க்கவேண்டும். எனக்கு வருமானம்தான். இருந்தாலும் பல பேரிடம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் எடுத்தது வேறு வழி. ஆர்.சி.யில் இருந்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். கூடவே கோர்ட் வளாகத்திலேயே இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு. வழக்கு போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைப்பார்கள். கட்டணம் கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. அங்கே ஏற்படும் சமரசம் மக்கள் நீதிமன்றத் தீர்ப்பாகப் பதிவானால் சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடும் இல்லை.

நோட்டீஸை வாங்கியது விற்றவருடைய மனைவி. அடுத்த திங்கட்கிழமை இருவரும் என் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். அவர் பேசிக்கொண்டே போனார்: மில் சம்பளம், ஃபீஸ், மாமனார். நான் ஒன்று மட்டும் கேட்டேன். “நாளைக்கு அந்த அக்கா மாவு போடப் போகும்போது யார் மேலயாவது மோதிட்டா, நஷ்ட ஈடு யார் கட்டுவாங்க தெரியுமா?”

“அவங்கதானுங்க.”

“இல்லைங்க. ஆர்.சி.ல யார் பேர் இருக்கோ அவங்க.”

2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதைத்தான் சொன்னது. கார் பல கை மாறிப்போயிருந்தது. ஆனால் பதிவேட்டில் முதல் ஓனர் பெயரே இருந்ததால் விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பானது. இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். இந்த ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு மாதம். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதை யாரும் செய்வதில்லை. இவரும் செய்யவில்லை.

அதுவரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அந்த அம்மா, கணவரை ஒரு பார்வை பார்த்தார். “வளையலை வெச்சுக் கட்டிரலாங்க” என்றார்.

ஏழு வாரம் ஆனது. வட்டக் குழுவில் கையெழுத்துப் போட்டு, மீதி 5,000-ஐ அக்கா நேராக லோன் கணக்கில் கட்ட, 4,860-ஐ விற்றவர் கட்டினார். 35-ஆம் படிவம் வந்தது. 29, 30-இல் என் மேசையிலேயே கையெழுத்துப் போட்டார். அக்கா முதல் வேலையாக இன்சூரன்ஸ் எடுத்து, பெயர் மாற்றத்துக்கும் கொடுத்தார்.

ஆர்.சி. கார்டு வந்த அன்று எனக்குப் போட்டோ அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர் சரி, முகவரி சரி. இனிஷியல் மட்டும் தப்பு. அவரிடம் சொன்னேன். “பரவாயில்லைங்க மேடம், நாளைக்குப் போய் மாத்திக்கிறேனுங்க” என்றார்.