பிளாஸ்ட் பட்டியலின் முதல் பெயர் ஆர்த்தோலாக் ஆகிவிடாது

மறுபடியும் அதே மாதிரி ஓர் ஆய்வேடு மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் பூக்கும் மரபணுவான எஃப்டி-யை எடுத்து, ஒரு சிறுதானியத்தின் மரபணுத்தொகுதியில் பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைத் தேடும் கணினி நிரல்) ஓட்டி, முதலில் வந்ததை "ஆர்த்தோலாக்" (அதாவது இந்த இனத்தில் அதற்கு நேர் மரபணு) என்று எழுதிவிட்டார்கள். அதை முடக்கிச் செடியும் வளர்த்தாயிற்று. பூக்கும் நாள் மாறவே இல்லை. ஒரு பருவத்து உழைப்பு போயிற்று. மாணவியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சொல்லித் தராத வழிகாட்டிகள் மீதுதான் கோபம் வருகிறது.

இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை மட்டுமே பிளாஸ்ட் சொல்லும். ஆர்த்தோலாக்கா என்பது வரலாற்றுக் கேள்வி. அந்த இரண்டு மரபணுக்களும் இனங்கள் பிரிந்தபோது பிரிந்தவையா, இல்லை, ஒரு மரபணு இரட்டித்தபோது பிரிந்தவையா? முன்னது ஆர்த்தோலாக், பின்னது பாராலாக். பரிணாம உயிரியலாளர் வால்டர் ஃபிட்ச் 1970-லேயே பிரித்துக் காட்டிவிட்டார். ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கும் குளோபின் புரதங்களைப் பாருங்கள். மனித ஆல்ஃபா குளோபினும் எலியின் ஆல்ஃபா குளோபினும் ஆர்த்தோலாக். மனிதரின் ஆல்ஃபாவும் பீட்டாவும் பாராலாக். முகச்சாடை ஒத்துப்போவதால் ஒருவர் கூடப்பிறந்தவர் ஆகிவிடுவாரா?

"இ-வேல்யூ பூஜ்யம் வந்ததே சார்" என்கிறார்கள். வரட்டும். இவ்வளவு ஒப்புமை தற்செயலாக வர வாய்ப்பில்லை என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். உண்மையான ஆர்த்தோலாக் அந்த இனத்தில் தொலைந்து போயிருக்கலாம், அல்லது மரபணுத்தொகுதியைக் கோத்தபோது விடுபட்டிருக்கலாம். அப்போதும் பட்டியலில் ஏதோ ஒன்று முதலில் நிற்கத்தான் செய்யும். அது பாராலாக்காக இருக்கும். இரு பக்கமும் தேடி ஒன்றுக்கொன்று முதலிடம் வந்தால் போதும் என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. இரண்டு இனங்களும் வெவ்வேறு பிரதியை இழந்திருந்தால், இரு பாராலாக்குகள் அழகாக ஜோடி சேர்ந்துவிடும்.

எஃப்டி குடும்பத்தில் இது விளையாட்டல்ல. நெல்லில் எஃப்டி போன்றவை பத்துக்கும் மேல். அவற்றில் ஹெச்டி3ஏ குறும்பகல் நாட்களிலும் ஆர்எஃப்டி1 நெடும்பகல் நாட்களிலும் பூக்கத் தூண்டுகின்றன. ஒன்றை மட்டும் முடக்கிவிட்டு, எந்தப் பகல் நீளத்தில் வளர்த்தோம் என்று பார்க்காவிட்டால் முடிவுக்கு என்ன அர்த்தம்? இதே பெருங்குடும்பத்தின் டிஎஃப்எல்1 பூப்பதைத் தள்ளிப்போடுகிறது. அதில் ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றினாலே எஃப்டி போல நடக்கத் தொடங்குகிறது. சர்க்கரைப் பீட்ரூட்டில் எஃப்டி-யின் இரண்டு பிரதிகளில் ஒன்று தூண்டுகிறது, மற்றது தடுக்கிறது. ஆகவே ஆர்த்தோலாக் என்று உறுதியானாலும் வேலையும் அதேதான் என்று எழுதிவிடாதீர்கள்.

தயவுசெய்து குடும்பத்தின் எல்லா உறுப்பினர்களையும் எடுங்கள். டிஎன்ஏ வேண்டாம், புரத வரிசை. உறவில் நடுவில் நிற்கும் இனங்களையும், அந்த உறவுக்கு வெளியே நிற்கும் ஓர் இனத்தையும் சேர்த்துப் பரிணாம மரம் வரையுங்கள். ஆர்த்தோலாக் தேடும் நிரலான ஆர்த்தோஃபைண்டர் ஓட்டினாலும் அது தரும் மரத்தைத் திறந்து பாருங்கள், பட்டியலை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள். அப்புறம், அக்கம்பக்க மரபணுக்கள் அதே வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேழ்வரகு நான்மடியம் (நான்கு தொகுதி குரோமோசோம்கள் கொண்டது), அங்கே ஒரே ஒரு பிரதிதான் கிடைத்தது என்றால் சந்தேகப்படுங்கள். தரவுத்தளத்தில் மரபணுவுக்கு ஒட்டியிருக்கும் பெயரை ஆதாரமாகக் காட்டவே காட்டாதீர்கள். அதில் பெரும்பாலானவை கணினி இன்னொரு பிளாஸ்டைப் பார்த்து வைத்த பெயர்தான்.

இதெல்லாம் ஒரு வார வேலைதான். விதை ஊன்றுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.