‘சமூக அடித்தள மானியம்’: இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

போன மாதம் தருமபுரியில் ஒரு பயிற்சிக் கூட்டம். சின்னத் தொண்டு அமைப்புகள், மகளிர் குழுக்கள், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் என்று நாற்பது பேர் வந்திருந்தோம். கையில் கொடுத்த தாளின் தலைப்பு: ‘உள்ளூர் தொண்டு நிகழ்ச்சிகளை ஆதரிக்கும் சமூக அடித்தள மானியங்கள்’. பேசியவர் ஒரு மணி நேரத்துக்குள் இதைப் பத்துப் பன்னிரண்டு தடவை சொல்லிவிட்டார். கடைசியில், பென்னாகரம் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா கையைத் தூக்கினார். “மானியம் சரிங்க சார். மீதிப் பணத்த நாங்க எந்த பேங்க்ல கட்டணும்?”

பேசியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்குத் தமிழ் சரியாகத்தான் புரிந்திருந்தது, தாளை எழுதியவருக்குத்தான் புரியவில்லை.

தாளில் சொல்ல வந்த விஷயம் எளிதானது. ஒரு வட்டாரத்து மக்கள் பலர் கொடுத்த பணத்தைச் சேர்த்து முதலாக வைத்து, அதன் வருமானத்திலிருந்து அந்த வட்டாரத்துத் தொண்டுப் பணிகளுக்குப் பணம் தருகிற அமைப்பை ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி ஃபவுண்டேஷன்’ என்பார்கள். அது தரும் பணம் ‘கிராண்ட்’. முதல் அமைப்பு 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தொடங்கியது. தொடங்கியவர் ஃபிரடெரிக் காஃப் என்ற வங்கிக்காரர். செத்துப்போனவர் எழுதிவைத்த உயில், காலம் மாறிய பிறகும் பணத்தைப் பயனில்லாத ஒரே வேலைக்குக் கட்டிப்போட்டுவிடுகிறதே என்பது அவருடைய கவலை. பணத்தைப் பொதுவில் சேர்த்து, எதற்குக் கொடுப்பது என்பதை அந்தந்தக் காலத்துக் குழு முடிவு செய்யட்டும் என்றார். கனடாவின் வின்னிபெக் நகரத்து அமைப்புக்கு 1921இல் முதல் கொடையாக ஒரு வங்கிக்காரர் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். அதற்கு அடுத்த கொடை 1924இல் வந்தது. பெயர் போடாத உறைக்குள் மூன்று ஐந்து டாலர் தங்கக் காசுகள், கூடவே ‘ஏழை விதவையின் காணிக்கை’ என்று ஒரு வரி.

இனி தாளுக்கு வருவோம். ‘தொண்டு நிகழ்ச்சி’ என்று படித்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் கலைநிகழ்ச்சி, பொன்னாடை, மைக் செட் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்து ‘புரோகிராம்’ என்பதற்கு அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து வைத்த வேலை அது. தொண்டுப் பணி என்றால் முடிந்தது, அடுத்ததைப் பார்ப்போம்.

‘அடித்தளம்’ அதைவிட மோசம். வீட்டுக்குப் போடுவது அடித்தளம். அறத்துக்கு முதல் போட்டு வைத்தால் அதற்குத் தமிழில் கட்டளை என்று பெயர். கோயில் அழைப்பிதழில் இன்றைக்கும் ‘கட்டளைதாரர்’ என்று அச்சடிக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். இன்ன பூசைக்கு, இன்ன நாளில், இன்ன அளவில் என்று விதித்துக் கொடுத்த கொடை அது. அதிலிருந்துதான் அறக்கட்டளை. முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் முறையும் நமக்குப் புதிதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாத நெய்விளக்கு, எரியத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு விடுவார்கள். அவற்றுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகும், கிழடாகும், குட்டி போடும். ஆனால் கணக்கில் எண்ணிக்கை குறையக் கூடாது, நெய் நிற்கக் கூடாது. இப்படி ஒரு சொல்லை ஆக்கிவைத்த மொழியில் போய் ‘அடித்தளம்’ என்று எழுத எப்படி மனம் வருகிறது?

‘சமூகம்’ என்ற சொல்லில்தான் உண்மையான வில்லங்கம். அகராதிப்படி அதில் குற்றமில்லை. ஆனால் நம் ஊரில் ‘கம்யூனிட்டி சர்ட்டிபிகேட்’ என்றால் சாதிச் சான்றிதழ். ‘எங்க சமூகத்து மண்டபம்’ என்று யாராவது சொன்னால் எந்த மண்டபம் என்று உங்களுக்கே தெரியும். ஆக, ‘சமூக அறக்கட்டளை’ என்று பலகை மாட்டினால் முதலில் வரும் கேள்வி ‘எந்தச் சமூகத்தோடது?’ என்பதாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் பொதுவான அமைப்பு என்பது அந்தக் கேள்வியிலேயே செத்துப்போகும். சரி, ‘ஊர் அறக்கட்டளை’ என்று வைக்கலாமா என்று யோசித்தேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊர் வேறு, காலனி வேறு என்று இன்னமும் பேசுகிற இடங்களில் ‘ஊர்’ என்றாலே பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள். அதனால் எனக்கு ‘வட்டார அறக்கட்டளை’ பிடித்திருக்கிறது. கொஞ்சம் அரசாங்க வாடை அடிக்கிறது, இருக்கட்டும். யாரையும் வெளியே நிறுத்தாது.

இப்போது மானியம். இதை எதிர்த்தால் ‘வடசொல் என்பதால் எதிர்க்கிறான்’ என்று ஒரு கூட்டம் வரும். வடசொல்தான், ‘மதிக்கத் தக்கது’ என்று பொருள்படும் ‘மான்ய’ என்பதிலிருந்து வந்தது. அதற்காக நான் எதிர்க்கவில்லை. சொல்லப்போனால், பழைய பொருளில் ‘கிராண்ட்’ என்பதற்கு மானியம் ரொம்பப் பொருத்தம். வரி நீக்கிக் கொடுத்த நிலம் மானியம். முழுக்க நீக்கியது சர்வமானியம். பூசாரிக்கு மானியம், ஊர் ஊழியம் செய்கிறவருக்கு மானியம். யாரும் பங்கு கட்டவில்லை, திருப்பித் தரவில்லை. அந்த வழக்கிலிருந்துதான் பல்கலைக்கழக மானியக் குழுவும் சட்டமன்றத்து மானியக் கோரிக்கையும் வந்தன.

ஆனால் சொல் அங்கேயே நிற்கவில்லை. உர மானியம், கேஸ் மானியம் என்று அது விலையில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்வதற்கான சொல்லாக மாறிவிட்டது. பாலக்கோட்டில் ஒரு தக்காளி விவசாயியிடம் மானியம் என்று சொல்லிப் பாருங்கள். சொட்டுநீர்ப் பாசனம் என்பார். சிறு, குறு விவசாயி என்றால் 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று கணக்கையும் சொல்வார். அடுத்து, கடனோடு சேர்ந்து வரும் மானியம். கறவை மாட்டுக் கடன், தொழில் கடன் எல்லாவற்றிலும் வங்கி கடன் கொடுக்கும், மானியம் பின்னால் வந்து கடனில் கழியும். இதையெல்லாம் பார்த்துப் பழகிய ஒரு பெண்மணி ‘மானியம்’ என்று கேட்டவுடன் மீதியை எங்கே கட்டுவது என்று கேட்காமல் வேறு என்ன கேட்பார்? கூட்டம் முடிந்த பிறகு டீ குடிக்கும்போது அவரே சொன்னார்: “கடன் ஏதாச்சும் தலையில கட்டிடுவாங்களோன்னு போன வருசம் ஃபாரமே வாங்கலைங்க.” ஒரு சொல் தப்பாகப் போனதில் ஒரு மாலை வகுப்புக்கு ஒரு வருடத்துப் பணம் போயிற்று. இதைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் ‘சின்ன விஷயம்’ என்கிறார்கள்.

பக்கத்து மொழிக்காரர்கள் இதில் நம்மைவிடக் கெட்டி. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடத்தில் ‘கிராண்ட்’ அனுதான, விலைச் சலுகைப் பணம் சகாயதன. இரண்டும் இரண்டு சொல், குழப்பமே இல்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசும் நண்பர் ஒருவர் ‘உங்க தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லா?’ என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்காக ‘அனுதானம்’ என்று இங்கே கடத்திவருவதும் வேண்டாம். அப்படியும் ஒரு தாள் பார்த்தேன். அன்னதானத்தில் எழுத்துப்பிழை என்றே நினைத்தேன்.

அப்படியானால் எது சரி? ‘நிதியுதவி’ எல்லாருக்கும் புரியும், ஆனால் எல்லாவற்றுக்கும் அதுதான். திருமணத்துக்கு, ஈமச்சடங்குக்கு, வெள்ளத்துக்கு. ‘நன்கொடை’ அறக்கட்டளைக்குள் வரும் பணம். வெளியே போகும் பணத்துக்கும் அதே பெயர் வைத்தால் கணக்கு எழுதுகிறவர் பாடு திண்டாட்டம். ‘கொடை’ என்றால் அதியமான் நினைவு வரும். தகடூர் (இன்றைய தருமபுரி) மண்ணில் அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை, ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனிதான் கொடை. ஆனால் நெல்லிக்கனிக்கு அவர் விண்ணப்பப் படிவம் கேட்கவில்லை. ‘கிராண்ட்’ அப்படியில்லை. விண்ணப்பம் உண்டு, நிபந்தனை உண்டு, கடைசியில் கணக்கு உண்டு. இதற்கு இந்த மண்ணிலேயே பழைய சொல் ஒன்று இருக்கிறது. ஆநிரை மீட்டு விழுந்த வீரன் குடும்பத்துக்கு விட்ட நிலத்தை நடுகற்களில் ‘நெய்த்தோர்பட்டி’ என்பார்கள், நெய்த்தோர் என்றால் இரத்தம். ஏரியைப் பராமரிக்க விட்டது ஏரிப்பட்டி. இன்ன காரணத்துக்கு என்று குறித்துக் கொடுப்பது பட்டி. அழகான சொல். ஆனால் இன்றைக்குப் பட்டி என்றால் ஆட்டுப்பட்டியும் பாப்பிரெட்டிப்பட்டியும்தான், மீட்க முடியாது.

மிஞ்சுவது நல்கை. ‘நல்கு’ என்றால் விரும்பிக் கொடு, அருள் செய். ‘தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்’ என்று குறளில் மேகம் நல்குவதைப் பற்றி வருகிறது, மழைக்கு அண்ணாந்து பார்க்கும் எங்கள் மாவட்டத்துக்கு அந்த வரி நன்றாகவே புரியும். ஆராய்ச்சி மாணவர்கள் ‘ஆய்வு நல்கை’ என்று ஏற்கெனவே புழங்குகிறார்கள். மானியம் போல மாடும் உரமும் கடனும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, புதுப் பாத்திரம் போல இருக்கிறது. ‘அரசர் அருளுகிற மாதிரி தொனிக்கிறதே’ என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். மானியமும் அரசர் கொடுத்ததுதானே! ஆக என் கட்சி: ‘வட்டாரத் தொண்டுப் பணிகளுக்கு வட்டார அறக்கட்டளை தரும் நல்கை’. தாளில் இதை எழுதியிருந்தால் போதும்.

எழுதியும் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அடுத்த கூட்டத்தில் பலகையில் பெரிதாக ‘நல்கை’ என்று போட்டு, நானே விளக்கவும் நின்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “நகைக் கடனா சார்?”

சிரித்துவிட்டேன், வேறு வழியில்லை. கடன் இல்லை, பங்கும் கட்ட வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம், சொன்ன வேலைக்குச் செலவு செய்து ரசீதோடு கணக்குக் காட்டினால் போதும் என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பென்னாகரத்து அம்மா இந்தத் தடவை ஃபாரம் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது அவருடைய ஃபைலைப் பார்த்தேன். மேலட்டையில் பேனாவால் எழுதியிருந்தார்: ‘கணக்கு காட்டுற பணம்’.