குடிமை உரிமையா, குடியுரிமையா?

அமெரிக்காவின் ‘சிவில் ரைட்ஸ்’ இயக்கத்தில் போராடிய கறுப்பின ஆசிரியர் செப்டிமா கிளார்க்கைப் பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் ‘குடியுரிமைப் போராளி’ என்றே இருக்கிறது. போன வாரமும் அதே சொல். இனியும் பொறுக்க முடியவில்லை.

லத்தீனில் ‘சிவிஸ்’ என்றால் குடிமகன். அதிலிருந்து பிறந்தது ‘சிவில்’. ‘சிவில் ரைட்ஸ்’ என்பது ஒரு நாட்டின் குடிமக்கள் எல்லாருக்கும் சட்டம் சமமாகத் தர வேண்டிய உரிமைகள்: வாக்கு, பள்ளி, பேருந்து இருக்கை. குடியுரிமை வேறு. அது ஒருவர் இந்த நாட்டவரா இல்லையா என்பதைச் சொல்வது, பாஸ்போர்ட் சம்பந்தப்பட்டது.

செப்டிமா 1898இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டனில் பிறந்தார். அமெரிக்காவில் பிறந்தவர் அந்நாட்டுக் குடிமக்களே என்று 14ஆவது சட்டத்திருத்தம் 1868இலேயே சொல்லிவிட்டது. ஆக, அடிமையாகப் பிறந்த அவருடைய தந்தைக்கே குடியுரிமை வந்துவிட்டது. மகளுக்கு அதற்காக என்ன போராட்டம்? குடிமகள் என்று எழுதிவைத்துவிட்டு, குடிமகளுக்கு உரியதைக் கொடுக்காததுதான் வழக்கே. கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததை மறைக்க மாட்டேன் என்றதால் 1956இல் அவருடைய ஆசிரியர் வேலை போனது, ஓய்வூதியமும் போனது. குடியுரிமை எங்கும் போகவில்லை. ‘குடியுரிமைப் போராளி’ என்று எழுதினால் இந்த அநியாயம் மொத்தமும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

சிலர் ‘மனித உரிமை’ என்று எழுதித் தப்பிக்கிறார்கள். சிவில் உரிமையை மனித உரிமைத் தளத்துக்கு உயர்த்துங்கள் என்று 1964இல் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பேசினாரே, அதை எப்படி மொழிபெயர்ப்பார்கள்?

‘குடிமை உரிமை’தான் சரி. திருக்குறளில் குடிமை என்றால் உயர்குடிப் பிறப்பு ஆயிற்றே என்பார்கள். உண்மைதான், 96ஆம் அதிகாரம். ஆனால் குடிமைப் பணித் தேர்வு, குடிமைப் பொருள் என்று இன்று எல்லாரும் சொல்கிறோம். ரேஷன் கடை வாசலில் யாரும் குலம் கோத்திரத்தை நினைப்பதில்லை.

அப்புறம், செப்டிமா பெரியவர்களுக்காக உருவாக்கிய ‘சிட்டிசன்ஷிப் ஸ்கூல்’ என்ற பள்ளிகள். முதல் பள்ளி 1957 ஜனவரியில் சார்ல்ஸ்டனுக்கு அருகிலுள்ள ஜான்ஸ் தீவில், ஒரு கடையின் பின்னறையில் தொடங்கியது. பாடம் எடுத்த பெர்னிஸ் ராபின்சன் அழகுநிலையத் தொழில் செய்தவர். வயதில் மூத்தவர்கள் அங்கே தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள், மணியார்டர் படிவம் நிரப்பினார்கள், மாநில அரசியல் சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அன்று அங்கே வாக்காளராகப் பதிய அதைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. இதையும் ‘குடியுரிமைப் பள்ளி’ என்று எழுதுகிறார்கள். வெளிநாட்டவருக்குச் சான்றிதழ் வாங்கித் தரும் இடம் போல இருக்கிறது. ‘குடிமக்கள் பள்ளி’ என்று எழுதுங்கள்.