“என் பிள்ளைகள் தட்டேந்தக் கூடாது”: உங்களை இப்படிச் சொல்ல வைத்தது யார்?

இந்த மாதமும் ஒருவர் வந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். அவர் பெயரில் மட்டும் ஏழு ஃபியூனரல் பாலிசி, அதாவது இறுதிச்சடங்குச் செலவுக்கான காப்பீடு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடன் ஆலோசகராக இருக்கும் எனக்கு இது புதிதல்ல. ஆனால் என் பொறுமை தீர்ந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்த ஆன்ட்டி பேங்க் ஸ்டேட்மென்டை நான்காக மடித்து, மாத்திரைச் சீட்டுகளோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். பென்ஷன் விழுந்த அதே தேதியில் வரிசையாகப் பிடித்தம்: 99 ராண்ட், 149, மறுபடியும் 149, 189, 210, 235, 260. கூட்டினால் 1,291 ராண்ட், பென்ஷனில் பாதிக்கு மேல். மாதக் கடைசியில் மளிகைக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் சின்னதாக ஒரு கடன் வாங்கியிருக்கிறார். அந்தக் கடனின் தவணை இரண்டு முறை பணமில்லாமல் திரும்பியிருக்கிறது. திரும்பியதற்கு வங்கி தனியாகக் கட்டணம் பிடித்திருக்கிறது. அவர் என்னிடம் வந்தது அந்தக் கடனுக்காக. பாலிசிகளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, நான்தான் கேட்டேன்.

“ஏன் ஆன்ட்டி ஏழு?”

“நாளைக்கு என் பிள்ளைங்க யார் முன்னாலயும் தட்டேந்திக்கிட்டு நிக்கக் கூடாது கண்ணு.”

இதே வார்த்தைகளை டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து வந்த டிரைவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டோங்காட்டிலிருந்து வந்த தையல்காரம்மாவும் சொன்னார், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் சொன்னார். சிலர் தமிழில், சிலர் இங்கிலீஷில், சிலர் இரண்டையும் கலந்து. எல்லோரும் அது தன் மனதில் தானாக எழுந்த எண்ணம் என்றே நம்புகிறார்கள். பகல் நேரத்தில் டிவியைப் போட்டு இந்த பாலிசி விளம்பரங்களைப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் சில்லறையை எண்ணும் விதவை, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மைத்துனர், பிறகு பாலிசி கம்பெனிக்கு ஒரு போன், பிறகு வெள்ளை நாற்காலிகள் போட்ட கௌரவமான இறுதிச்சடங்கு. கதை ஒன்றுதான், கம்பெனி பெயர்தான் மாறும்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்தான் எனக்கு ஆற்ற முடியாத எரிச்சலைத் தருகிறது: “நான் விளம்பரமெல்லாம் பார்க்கிறதே இல்லை. விளம்பரம் வந்தா எழுந்து டீ போடப் போயிடுவேன். என்கிட்ட அதெல்லாம் எடுபடாது.”

எடுபடுகிறது. தயவுசெய்து இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நீங்கள் உட்கார்ந்து கவனமாகப் பார்த்தால், “இந்த விலைக்கு இவ்வளவு தருவானா?” என்று மனம் எதிர்க்கேள்வி கேட்கும். அடுப்படியில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே காதில் மட்டும் வாங்கும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை, வாசகம் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. 1977-இல் அமெரிக்காவில் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்ற மூன்று உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். பொது அறிவு சம்பந்தப்பட்ட சில வாக்கியங்களை இரண்டு வார இடைவெளி விட்டு மூன்று முறை கேட்கவைத்தார்கள். சில உண்மை, சில பொய். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவை, பொய்யாக இருந்தாலும், உண்மைபோலத் தோன்றத் தொடங்கின. மூன்றே முறை கேட்டதற்கு இப்படி. நம் வீட்டு ஹாலில் அந்த விதவை ஒரு நாளைக்கு எத்தனை முறை வருகிறாள்?

“மத்தவங்க ஏமாறுவாங்க, நான் ஏமாற மாட்டேன்” என்ற நினைப்பும் ஆராயப்பட்ட விஷயம்தான். டேவிசன் என்ற சமூகவியலாளர் 1983-லேயே இதைப் பற்றி எழுதினார்: ஊடகம் தன்னைவிட அடுத்தவரையே அதிகம் பாதிக்கிறது என்றுதான் மனிதர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அந்த ஆராய்ச்சிகூட வேண்டாம். எடுபடாது என்று அடித்துப் பேசுபவரிடம் ஸ்டேட்மென்டை வாங்கிப் பார்த்தால் போதும்.

“பொய்யா இருந்தா டிவில விடுவாங்களா?” என்பது இன்னொன்று. பெரியவர்கள் இப்படிக் கேட்பதில் எனக்குக் கோபமில்லை. இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில். விளம்பரம் 1978-இல்தான் தொடங்கியது. இன்று எழுபதைத் தாண்டியவர்களுக்கு அப்போது கல்யாண வயது. தெருவில் ஒரு வீட்டில் இருந்த பெட்டிமுன் மரியாதையாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது சொல்வது அதிகாரியின் பேச்சாகத்தான் கேட்டிருக்கும். ஆனால் நிலைமை இதுதான்: புகார் வந்தால் விசாரிக்க விளம்பர ஒழுங்குமுறை வாரியம் என்று ஒன்று இருக்கிறது. அது அரசுத் துறை அல்ல, விளம்பரத் துறையே நடத்துவது. பெரும்பாலான விளம்பரங்களை அது முன்கூட்டியே பார்த்து முத்திரை குத்துவதில்லை. டிவியில் வந்துவிட்டது என்பதற்காக யாரோ உங்களுக்காகச் சரிபார்த்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஃபியூனரல் பாலிசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டர்பனில் நம் மக்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சாவு என்றால் பந்தல் போட்டுக்கொடுக்கவும், சோறும் பருப்பும் ஆக்கிப்போடவும், பதினாறாம் நாள்வரை கூட நிற்கவும் தெருவே வந்தது. இன்றும் பல இடங்களில் வருகிறது. இருந்தாலும் பெட்டி, வண்டி, தகனம் என்று ரொக்கமாகச் செலவு இருக்கிறது. அதற்குச் சரியான பாலிசி ஒன்று போதும். அந்த விளம்பரம் அழித்தது வேறொன்றை: தெரு வரும், சொந்தம் வரும் என்ற நம்பிக்கையை. முகம் திருப்பும் மைத்துனர் அந்த ஆன்ட்டி வீட்டில் கிடையாது. அவருடைய கணவர் இறந்தபோது பந்தல் செலவைக் கொடுத்ததே மைத்துனர்தான். ஆன்ட்டியே சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் தட்டேந்துவதைப் பற்றிப் பேசினார்.

தொழில் சார்ந்து ஒன்று சொல்லவேண்டும். உங்கள் கடன் தவணையை மாற்றியமைக்க 2005-ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டத்தின்கீழ் என்னால் வழி செய்ய முடியும். பாலிசிக்கு மாதாமாதம் கட்டும் பிரீமியம் கடன் அல்ல, அதை என்னால் குறைக்க முடியாது, நீங்கள்தான் நிறுத்தவேண்டும். முதியோர் பென்ஷன் போன்ற அரசு உதவித்தொகையிலிருந்து நேரடியாகப் பிடிப்பதென்றால் ஒரே ஒரு ஃபியூனரல் பாலிசி, அதுவும் அந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு உண்டு. பணம் வங்கிக் கணக்குக்கு வந்தபின் தானாகப் பிடிக்கப்படும் டெபிட் ஆர்டருக்கு அந்த வரம்பு கிடையாது. ஓட்டை அங்கேதான்.

சரி, செய்யவேண்டியது. விளம்பரத்தின் கடைசி சில விநாடிகளில் மூச்சுவிடாமல் படிக்கிறார்களே, அதுதான் ஒப்பந்தத்துக்கு நெருக்கமான பேச்சு. அதைக் கேளுங்கள். இயற்கை மரணத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, ஆறு மாதம்வரை போகலாம். அதற்குள் நோயில் இறந்தால் பணம் வராது. மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, அவர்கள் திரும்பக் கூப்பிடும்போது “யெஸ், யெஸ்” என்று தலையாட்டாதீர்கள். பதிவாகும் அந்தக் குரலே சம்மதம். பேசியாகிவிட்டதென்றால் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். புது பாலிசி எடுத்து, அதில் கிளெய்ம் எதுவும் செய்யவில்லை என்றால், விவரங்கள் கைக்கு வந்த 31 நாளுக்குள் ரத்து செய்துகொள்ளலாம். பணம் பிடிக்க ஒப்புதல் கேட்டு வங்கியிலிருந்து போனுக்கு வரும் செய்தியில் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள், முதலில் தொகையைப் படியுங்கள்.

ஏற்கெனவே நிறைய இருந்தால், கோபத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். காத்திருப்புக் காலம் முடிந்த, பிரீமியம் தாங்கக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எழுத்துமூலம் ரத்து செய்யுங்கள். வங்கியில் டெபிட் ஆர்டரை மட்டும் நிறுத்தினால் போதாது. கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம், 2024 மார்ச்சிலிருந்து இயங்குகிறது, கட்டணமில்லை.

பிள்ளைகளே, ஒரு வேண்டுகோள். அம்மாவுக்கு எத்தனை பாலிசி என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஆன்ட்டியின் மகனுக்கும் தெரியாது. அவர் வாரம் தவறாமல் வந்து பார்ப்பவர். இந்த ஞாயிற்றுக்கிழமை போகும்போது ஸ்டேட்மென்டை எடுத்துத் தரச்சொல்லுங்கள். திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை ஒளித்துவைப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, செலவை நாங்கள் பார்த்துக்கொள்வோம் அம்மா என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். டிவி தினமும் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறது, அதனால் நீங்களும் ஒரு முறையோடு நிறுத்திவிடாதீர்கள்.