கனெக்‌ஷன் ஆயிரம் இருக்கு, போன் பண்ண ஆள் இருக்கா?

நாகர்கோவிலில் உளநல ஆலோசகராக இருக்கிறேன். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்று வருகிற இளைஞர்களிடம் தவறாமல் ஒன்று கேட்பேன்: "ராத்திரி மனசு கனத்துப்போனா யாருக்குப் போன் பண்ணுவீங்க?" பலருக்குச் சட்டென்று ஒரு பெயர் வருவதில்லை. இவர்கள் யாரோடும் பழகாமல் ஒதுங்கியிருப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கொரோனாவில் ஊருக்கு வந்து அப்படியே பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டத்தில் இருக்கும் டெக்னோபார்க் ஐடி வளாகத்துக்கு தினமும் ரயிலேறுகிறவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் நர்ஸ்கள். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தைத் திறந்தால் எல்லோருக்கும் ஆயிரக்கணக்கில் தொடர்புகள் இருக்கும்.

தக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர், வேலை போன பிறகு வந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஏகப்பட்ட பேருக்கு மெசேஜ் அனுப்பியும் நாலைந்து பேர்தான் பதில் போட்டார்களாம், அதிலும் பாதி வெறும் கட்டைவிரல் படம். "யாருமே மனுஷங்க இல்லை சார்" என்று சொல்லிப் போனை என்னிடமே நீட்டினார். உள்ளே போய்ப் பார்த்தோம். கடைசியாக, "ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப், பிளீஸ் ரெஃபர்." அதற்கு மேலே, நாலு வருஷத்துக்கு முந்தைய தேதியில், "காங்கிராட்ஸ் ஆன் யுவர் வொர்க் ஆனிவர்சரி." அந்த வாழ்த்தையும் அவர் எழுதவில்லை, செயலியே எழுதி வைத்திருந்ததை அழுத்தி விட்டிருக்கிறார். நடுவில் ஒரு வரி கூடக் கிடையாது. அடுத்த ஆளைத் திறந்தோம், அங்கேயும் அதேதான். அவர்கள் இவரைக் கைவிட்டதாகச் சொல்ல முடியாது, அவர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது. இதைப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் அவருடைய கோபம் கொஞ்சம் இறங்கியது.

லிங்க்ட்இன் 2003-ல் வந்தது வேலைத் தொடர்புகளுக்காக, அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே எழுதினார்: வேலை பற்றிய தகவல் நமக்கு அதிகம் வருவது நெருங்கிய நண்பர்களைவிட, லேசாகப் பழக்கமுள்ளவர்கள் வழியாக. ஏனென்றால் நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, சுமார் 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களை வைத்துப் பார்த்து, ரொம்ப நெருக்கமும் இல்லாத, அடியோடு அந்நியமும் இல்லாத தொடர்புகள்தான் வேலை மாற அதிகம் உதவுகின்றன என்று சொன்னது. அதனால் கனெக்‌ஷனே வீண் என்று நான் சொல்லவில்லை. வேலைச் செய்தி கொண்டுவருகிற ஆளும், அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் என்று தெரிந்த ராத்திரி கூடவே லைனில் இருக்கிற ஆளும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. முதல் வகையில் சிலர் இரண்டாம் வகைக்கு வருவார்கள், அதற்கு நேரம் பிடிக்கும்.

எவ்வளவு நேரம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல் ஒன்றாகக் கழிய வேண்டும். சேர்ந்து வேலை பார்த்த நேரம் அந்த அளவுக்கு நெருக்கத்தைக் கூட்டுவதில்லை என்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஐந்து வருஷம் ஒரே டீமில் தினமும் மீட்டிங்கில் முகம் பார்த்தவர்கள், ஒருவர் வேலையை விட்டதும் அடியோடு தொடர்பு அற்றுப்போவதை நான் அடிக்கடி கேட்கிறேன். வேலையைத் தாண்டி ஒரு பேச்சும் அவர்களுக்குள் நடந்திருக்காது.

நன்றாக அமைந்த ஒன்றைச் சொல்கிறேன், அவர்கள் சம்மதத்தோடுதான். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், நர்ஸ், இங்கிலாந்து போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். அங்கே பதிவு பெற ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு உண்டு, மொத்தம் 10 ஸ்டேஷன், அதாவது ஒவ்வொன்றாகச் செய்து காட்ட வேண்டிய 10 பகுதிகள். அதைப் பற்றி லிங்க்ட்இன்னில் எழுதியிருந்த, குளச்சலிலிருந்து அங்கே போய் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்கு இவள் இப்படி எழுதினாள்: "அக்கா, ஃப்ளூயிட் பேலன்ஸ் சார்ட் பற்றி நீங்க எழுதினதை வச்சு நானே ஒண்ணு போட்டுப் பார்த்தேன். கடைசியில கூட்டுத்தொகை இடிக்குது. எங்கே தப்புன்னு நேரம் இருக்கும்போது சொல்வீங்களா?" கூடவே தான் போட்ட சார்ட்டின் படம் (நோயாளியின் உடலுக்குள் போன நீர், வெளியேறிய நீர் எவ்வளவு என்று கணக்கு வைக்கிற சார்ட் அது). அந்த அக்கா ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அப்புறம் அவருக்கு நைட் டியூட்டி முடிகிற நேரம், இங்கே மத்தியானம், வீடியோவில் பயிற்சி. தலையணையைப் புண்ணாக வைத்து இவள் டிரெஸ்ஸிங் பண்ணுவாள், அவர் நோயாளியாக நடித்து "ரொம்ப வலிக்குது சிஸ்டர்" என்று இழுப்பார். பயிற்சி பத்து நிமிஷம் என்றால் வீட்டுக்கதை அரை மணி நேரம் ஓடும். அப்படியே மாதங்கள் போயின. விசா வருவதற்குள் அந்த அக்காவின் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் சேர்த்தார்கள். இவள் பஸ் ஏறிப் போய், "அக்கா, நைட் நான் இருக்கேன், நீங்க பயப்படாம டியூட்டிக்குப் போங்க" என்று அங்கிருந்தே போன் பண்ணினாள். அதுவரைக்கும் இருவரும் நேரில் பார்த்ததே இல்லை.

அவள் முதலில் எழுதியதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். அவர் எழுதியதைக் கவனமாகப் படித்திருக்கிறாள், தானும் முயன்றிருக்கிறாள், இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடியதைத்தான் கேட்டிருக்கிறாள். "எனக்கு கைட் பண்ணுங்க" என்று மொத்த பாரத்தையும் தூக்கி அடுத்தவர் தலையில் வைக்கவில்லை. இன்னொன்றும் செய்தாள், பெரும்பாலானோர் செய்யாதது: சொன்னபடி செய்து பார்த்து, என்ன ஆச்சு என்று திரும்ப வந்து சொன்னாள். உதவி கேட்பவர்கள் நிறைய, பலனைச் சொல்ல வருபவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரைத்தான் மனசு ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

பொதுவில் கமெண்ட் போட்டே நட்பு வளராது, ஏதாவது ஒரு கட்டத்தில் குரலுக்கு வர வேண்டும். எழுதப் போனால் எல்லோரும் வெற்றிபெற்றவர்களாகத்தான் எழுதுவோம், பேசும்போதுதான் "இந்த வாரம் சரியில்லப்பா" என்று வாயில் வரும். அதை முதலில் சொல்ல ஒருவருக்குத் தைரியம் வேண்டும். மொத்தத்தையும் கொட்டாமல் கொஞ்சமாகச் சொல்லிப் பாருங்கள், அவரும் தன் பக்கத்தில் கொஞ்சம் சொன்னால் இன்னும் கொஞ்சம் போகலாம். நீங்கள் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள், அதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு தனி அவசியம் இருப்பதாக நினைக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் படிப்பறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நாம்தான். ஆனாலும் யாரையாவது பார்த்ததும் "எந்த ஊரு, யாருக்க மகன்" என்று ஆரம்பித்து, எந்தச் சபை, எந்தச் சமுதாயம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பேச்சு இயல்பாகிறது. பழக்கமெல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயே முடிந்துபோகிறது. தொழில் வழியாக வருகிற நட்பில் இந்தக் கேள்விகள் பின்னால் போய்விடுகின்றன. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்த நண்பன், தன் அப்பாவின் வட்டத்தில் ஒருபோதும் வந்திருக்க முடியாதவன் என்று ஒருவர் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதே ஊர்ப்பாசத்தை வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. "நானும் நம்ம ஊருதான்" என்று சொன்னதும் நாம் இளகிவிடுகிறோம். வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப்போய், கம்போடியா, மியான்மர் பக்கம் சைபர் மோசடிக் கும்பல்களிடம் மாட்டிவிட்ட கதைகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பழகிய சில நாளிலேயே பணம், பாஸ்போர்ட் நகல், ஓடிபி என்று கேட்டால், வீட்டில் சொல்லாதே என்றால், உடனே முடிவெடு என்று அவசரப்படுத்தினால் அங்கேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சி பதிவு பெற்றதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்கி நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அதிகம்.

பெண்கள் சொல்வது இன்னொரு வகை. வேலை பற்றிப் பேச வந்தவர் மூன்றாவது மெசேஜில் "கல்யாணம் ஆயாச்சா" என்று கேட்கிறார். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, பிளாக் பண்ணுவது மரியாதைக் குறைவும் இல்லை. ஆண்களிடம் நான் சொல்வது: தொழில் தளத்தில் ஒரு பெண் மரியாதையாகப் பதில் போட்டால் அது மரியாதை, அவ்வளவுதான்.

நேரில் பார்க்க டிசம்பர் நல்ல மாதம். கிறிஸ்துமஸ் லீவுக்கு துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் ஆட்கள் ஊரில் இருப்பார்கள். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, வடசேரியில் ஒரு சாயாவோ முட்டம் பீச்சில் ஒரு மாலையோ போதும். முதல் சந்திப்பில் வேலை கேட்காதீர்கள், ரெஸ்யூமும் வேண்டாம். இரண்டாவது தடவை எப்போது என்று மட்டும் அங்கேயே பேசி முடித்துவிட்டு எழுந்திருங்கள், "அப்புறம் பார்ப்போம்" என்று பிரிகிறவர்கள் பெரும்பாலும் அப்புறம் பார்ப்பதே இல்லை.

இப்போதைக்கு அப்படி ஒருவரும் இல்லை, தனிமை தூக்கத்தையும் சாப்பாட்டையும் தொட ஆரம்பித்துவிட்டது என்றால், நட்பு அமையும்வரை காத்திருக்காதீர்கள். 14416, டெலி-மனஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.