ஃபியர், டெரர், ஹாரர், பேனிக்: எல்லாமே பயம்தானா?

ஆங்கிலத்தில் அச்சத்துக்குப் பல சொற்கள். மொழிபெயர்க்கும்போது நாம் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் 'பயம்' என்றே போட்டுவிடுகிறோம். தமிழில் சொல் இல்லாமல் இல்லை. பேம், நாம், உரும் மூன்றும் அச்சப் பொருள் தருவன என்று தொல்காப்பிய உரியியலே சொல்கிறது. இவை வழக்கொழிந்தாலும் கிலி, திகில், பீதி, மிரட்சி, வெருட்சி, கலக்கம், நடுக்கம் என இன்றும் கைவசம் நிறையவே இருக்கின்றன. எதை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

பொதுச்சொல் ஃபியர். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல் உணர்வைக் குறிக்கவில்லை. திடீரென்று வந்து தாக்கும் ஆபத்தைக் குறித்தது. ஜெர்மன் மொழியில் ஆபத்தைச் சுட்டும் 'கெஃபார்' இதற்கு உறவு. தமிழில் 'அஞ்சு' என்ற வினையிலிருந்து வந்த அச்சமே இதற்குப் பொருத்தம். பயம் வடமொழி வழி வந்து பேச்சில் நிலைத்த சொல், அதுவும் சரிதான். பழந்தமிழில் 'பயம்' என்றால் பயன் என்றும் பொருள் உண்டு. பழைய பாட்டு படிக்கும்போது ஏமாந்துவிடக் கூடாது.

அதிகம் குழப்புவது டெரரும் ஹாரரும். டெரர், அச்சுறுத்துவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 1793-94இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு நடத்திய கொடிய அடக்குமுறைக்கு இந்தப் பெயர் நிலைத்தது. பயங்கரவாதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதையொட்டிப் பிறந்ததுதான். ஹாரரின் லத்தீன் வேருக்கு 'மயிர் சிலிர்த்து நிற்பது' என்று பொருள். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று உறைந்து நிற்பது டெரர். கதவைத் திறந்து, உள்ளே கிடப்பதைக் கண்டு உடல் கூசிப் பின்வாங்குவது ஹாரர். ஹாரரில் அச்சத்தோடு அருவருப்பும் கலந்திருக்கும். உணர்வுகளை வகைப்படுத்தும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கணக்கில் சொன்னால் அச்சமும் இளிவரலும் (அருவருப்பு) சேர்ந்தது. ஹாரர் படத்தைத் 'திகில் படம்' என்கிறோம். என் கணிப்பில் திகில் டெரருக்குத்தான் நெருக்கம். ஹாரருக்குக் குலைநடுக்கம் என்பேன். அந்த உணர்வை எழுப்பும் காட்சியைக் கோரம் எனலாம்.

பேனிக் என்ற சொல்லில் 'பான்' என்ற கிரேக்கக் கடவுள் இருக்கிறார். காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் காரணம் தெரியாமல் மந்தை கலைந்து ஓடினால், அது பானின் வேலை என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். நமக்கு 'மிரட்சி' இருக்கிறதே! மாடு மிரண்டது என்போம், கூட்டமும் மிரண்டு ஓடும். அதே விலங்குச் சாயல், அதே காரணமற்ற ஓட்டம். செய்தித்தாள்கள் 'பீதி' என்று எழுதுகின்றன. கூட்டத்தில் பரவும் அச்சத்துக்கு அதுவும் பொருந்தும்.

அலாரம், 'ஆயுதம் எடுங்கள்' என்ற இத்தாலியக் கூவலிலிருந்து வந்தது. ஆபத்து வருவது தெரிந்ததும் எழும் திடுக்கிடல் அது.

ஆங்க்ஸைட்டி வேறு வகை. நெரிப்பதை, இறுக்குவதைக் குறிக்கும் லத்தீன் வேர் அதற்கு. நெஞ்சுவலியைச் சொல்லும் ஆஞ்சைனாவும் இதன் உறவு. கண்ணெதிரே எதுவும் இல்லாதபோதும் நெஞ்சை அடைக்கும் உணர்வு அது. பதற்றம் என்கிறோம், ஆனால் போர்ப்பதற்றம், எல்லைப்பதற்றம் என்று டென்ஷனுக்கும் அதே சொல்லைப் போடுகிறோம். ஈழத்தில் வழங்கும் 'பதகளிப்பு' மனநிலையை மட்டும் சுட்டுவதால் தெளிவாக இருக்கிறது, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். டிரெட் இன்னும் கனமானது: வரப்போவது உறுதி என்று தெரிந்து, அதை எண்ணி உள்ளுக்குள் நடுங்குவது. ஒரே சொல்லில் சொல்லியாக வேண்டும் என்றால் கிலி. 'கிலி பிடித்தது' என்ற வழக்கில் அந்த விடாப்பிடி இருக்கிறது.

குறிப்பிட்ட ஒன்றின் மீது எழும் அளவு மீறிய அச்சம் ஃபோபியா. அதன் மூலமான 'ஃபோபோஸ்' ஹோமர் காலத்துக் கிரேக்கத்தில் போர்க்களத்திலிருந்து அஞ்சி ஓடுவதைக் குறித்தது. 1877இல் கண்டறியப்பட்ட செவ்வாயின் நிலவு ஒன்றுக்கும் இதே பெயர். தமிழில் வெருளி என்ற கலைச்சொல் புழங்குகிறது.

'ஆசம்' என்று இன்று வியந்து சொல்கிறார்களே, அதன் வேரான 'ஆ' (awe) என்ற சொல்லிலும் அச்சம்தான். 'மிக மோசம்' என்று பொருள்படும் 'ஆஃபுல்' அதே வேரில் கிளைத்த இன்னொரு சொல். அந்த வேர்ச்சொல்லுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேட வேண்டாம். கடவுள் முன் நிற்பவருக்கு என்றால் பயபக்தி, பெருங்கடலைப் பார்த்து நிற்பவருக்கு என்றால் மலைப்பு.